விக்கலுக்கு ஒரு லத்தீன் பெயர்

வெள்ளைக்காரர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வதே அகராதியின் மூலைமுடுக்கில் கிடக்கும் வார்த்தைகளில்தான் என்று முப்பத்தொன்பது வயது வரைக்கும் நம்பியவன் நான். நமக்குத் தெரிந்த ஆங்கிலம், அதாவது லீவ் லெட்டர் எழுதவும் பேங்க் சலான் நிரப்பவும் போதுமான ஆங்கிலம், அவர்கள் நம்மேல் இரக்கப்பட்டு ஒதுக்கிவிட்ட எளிய சரக்கு. அசல் சரக்கை உள்ளே பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டைத் திறந்துவிட்டால் அயர்லாந்து வரைக்கும் வழி திறந்துவிடும். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது சிரிக்கவில்லை. எட்டு மாதம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு இதையே ஒரு வேலையாகச் செய்தேன்.

இப்படி நம்பியதற்கு என் பிழைப்பும் ஒரு காரணம். செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்தேன். லாரியில் டிரம் டிரம்மாகச் சரக்கு வந்து இறங்கும். லேபிளில் சோடா, யூரியா என்று குட்டிப் பெயர் இருந்தால் லோடுமேன்கள் காலால் உருட்டிக்கொண்டு போவார்கள். பெயர் ஒரு வரியில் அடங்காமல் அடுத்த வரிக்கு மடங்கியிருந்தால் எல்லோருடைய கையும் தானாகப் பின்னால் போய்விடும். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு எங்கள் ஸ்டோரில் சொல்லித் தந்த ஒரே பாதுகாப்பு விதி அதுதான்: பேரு ரெண்டு வரிக்குப் போச்சுன்னா கிளவுஸ் போடு. நீளமான வார்த்தைக்குள் சக்தி இருக்கிறது என்பதைப் பதினான்கு வருடம் மூக்கால் முகர்ந்து கற்றவன் நான். வேறு எப்படி யோசிப்பேன்?

என் மனைவி கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினோரு வருடம் ஒரே வார்டு. எனக்கு முறைப்பெண் என்பதால் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் 'மாமா'தான். இரண்டாயிரத்து ஆறின் தொடக்கத்தில் ஒருநாள் டூட்டி முடிந்து வந்தவள், செருப்பைக் கழற்றியபடியே அயர்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாகச் சொன்னாள். ஏதோ ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எழுதிக்கொடுத்ததைப் போலச் சொன்னாள்.

ஏன் என்று கேட்டேன். பணம் என்று சொல்லியிருந்தால் ஏதாவது வாதாடியிருப்பேன். அவள் சொன்னது வேறு.

"அங்க ஒரு நர்ஸுக்கு நாலஞ்சு பெட்டுதானாம் மாமா. ஒரு பேஷண்ட் கிட்ட நின்னு ரெண்டு வார்த்தை பேசலாமாம். இங்க நான் ஓடுற ஓட்டத்துல யாரு மூஞ்சியும் ஞாபகம் இல்ல, பெட் நம்பர்தான் ஞாபகம் இருக்கு."

படிப்புச் சான்றிதழ், அனுபவச் சான்றிதழ், எழுத்துத் தேர்வு எல்லாவற்றையும் அவளே ஒவ்வொன்றாக முடித்தாள். மிச்சம் இருந்தது ஒன்றுதான். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து நேரடியாகப் போன் பண்ணி ஆங்கிலத்தில் நேர்காணல் நடத்துவார்கள். அதில் தேறினால் வேலை. தேறாவிட்டால் பழையபடி பெட் நம்பர்.

"இங்கிலீஷா? அதை எங்கிட்ட வுடு" என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். ரயிலடிப் பக்கம் பழைய புத்தகம் விற்கும் ஒருவர் இருந்தார். யுனிவர்சிட்டி பிள்ளைகள் படித்துவிட்டுப் போடுவதெல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். அட்டை போன ஒரு தடிப் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொடுத்தார். அரிய ஆங்கில வார்த்தைகள், அவற்றின் பொருள், உச்சரிப்பு, பிறந்த கதை. அட்டையோடு முதல் இருபது பக்கமும் போயிருந்ததால் புத்தகத்தின் பெயர் கடைசி வரை எனக்குத் தெரியாது. முன்னுரையும் போய்விட்டது. இந்த வார்த்தைகளை யாரும் பேச மாட்டார்கள் என்று ஒருவேளை முன்னுரையில் எழுதியிருந்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து விரித்தால் உச்சரிப்புப் பகுதி முழுக்க 'e' எழுத்து தலைகீழாக நிற்கிறது. ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து. அச்சகத்தில் எவனோ தூக்கத்தில் கோத்திருக்கிறான் என்று முடிவுகட்டி, பால்பாயின்ட் பேனாவால் ஒவ்வொன்றையும் நிமிர்த்தினேன். மூன்று நாள் வேலை. நாலாம் நாள் என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, அது தப்பில்லை, அது ஒரு சத்தம், 'அபவுட்' என்று சொல்லும்போது முதலில் வாயைத் திறந்தும் திறக்காமலும் ஒன்று வருமே, அதற்கான குறி என்றாள். அவள் எழுத்துத் தேர்வுக்குப் படித்த கைடில் இருந்ததாம். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

என் முறை இதுதான். தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒரு வார்த்தை எழுதி, சமையலறையில் அவள் கண் படும் இடத்தில் ஒட்டுவேன். அரிசி டப்பாவில் ஒன்று, ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்று, கேஸ் சிலிண்டரில் ஒன்று. ஒருபக்கம் ராகுகாலம், எமகண்டம், ராசிக்கு ஒரு சொல்லில் பலன். மறுபக்கம் கிரேக்கம், லத்தீன். அவள் எந்தப் பக்கத்தைப் படித்தாள் என்று நான் விசாரிக்கவில்லை.

முதல் வார்த்தை பாண்டிகுலேஷன். தூங்கி எழுந்ததும் கையையும் காலையும் நீட்டி, கொட்டாவியோடு உடம்பை முறுக்குவது. நீட்டுவது, விரிப்பது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. "இதுக்குத்தான் சோம்பல் முறிக்கிறதுன்னு நாமளே சொல்றமே. சோம்பலை முறிச்சே போட்டுடுறோம். அவுங்க வெறுமனே நீட்டத்தானே செய்றாங்க?" என்றாள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் பாடத்திட்டத்தில் இல்லாதது என்று தள்ளிவிட்டேன்.

அடுத்தது போர்போரிக்மஸ். வயிற்றுக்குள் கடமுடவென்று உருளும் சத்தம். கிரேக்கர்கள் காதில் விழுந்தபடியே பெயர் வைத்துவிட்டார்கள். நர்ஸுக்குப் பயன்படும் என்று பெருமையோடு ஒட்டினேன். வார்டில் இதைக் 'கேஸ் டிரபிள்' என்பார்கள், டாக்டரும் 'கேஸ்' என்றுதான் சொல்வார் என்றாள். பிறகு டிஃபெனஸ்ட்ரேஷன். ஆளையோ பொருளையோ ஜன்னல் வழியாக வெளியே எறிவது, லத்தீனில் ஜன்னலுக்கு ஃபெனஸ்ட்ரா. அன்று அவள் என்னையும் சமையலறை ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள். பொருள் புரிந்துகொண்டாள் என்று குறித்துக்கொண்டேன்.

உச்சரிப்புதான் என்னைக் கொன்றது. காசநோய்க்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது. எழுத்தில் பார்த்தால் முதல் நான்கு எழுத்தும் மெய்யெழுத்து. நான் அதை 'ப்திஸிஸ்' என்று சொல்லிப் பார்த்ததில் எதிரே இருந்த சாம்பார் கிண்ணத்தில் எச்சில் தெறித்தது. தலைகீழ் எழுத்து இல்லாத வார்த்தை என்பதால் புத்தகத்தைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன்: வெறும் 'தைஸிஸ்'தான். முன்னால் நிற்கும் இரண்டு எழுத்தும் சும்மா வாசல்காவல். தேய்ந்துபோவது என்று கிரேக்கத்தில் பொருள். நம் க்ஷயம் என்றாலும் தேய்வதுதானே. எங்கேயோ ஒரு கிரேக்கனும் இங்கே ஒருவனும் இருமி இருமி மெலிகிற மனிதனைப் பார்த்து ஒரே எண்ணத்துக்கு வந்திருக்கிறார்கள். இதை நினைத்துக்கொண்டு ஸ்டோரில் ஒரு மத்தியானம் முழுக்க டிரம் எண்ணாமல் உட்கார்ந்திருந்தேன். நேர்காணலுக்காகத் தொடங்கியவன் அந்தப் புத்தகத்தை நிஜமாகவே நேசிக்க ஆரம்பித்துவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சிதம்பரத்தில் இருந்த என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், வரும்போதெல்லாம் இந்தத் தாள்களைக் கண்காட்சி போலச் சுற்றிப் பார்ப்பார். காஞ்ஜி என்ற ஆங்கில வார்த்தை நம் கஞ்சியிலிருந்து போனது, போர்ச்சுகீசியர்கள் கொண்டுபோனது என்று அவரிடம் விளக்கினேன். "அப்ப ஏன் மச்சான் கஷ்டப்படுறீங்க? அவளுக்கு ஒரு தூக்குல கஞ்சியக் குடுத்து அனுப்புங்க, பாஸ் போட்டுடுவாங்க" என்றார்.

மழைக்காலம் நெருங்கியது. நேர்காணல் எந்த வாரமும் வரலாம். எனக்கு உள்ளுக்குள் வேறொரு கலக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மகளுக்கு ஒன்பது வயது. ரெட்டை ஜடை போட்டால்தான் பள்ளிக்கூடத்தில் உள்ளே விடுவார்கள். எனக்கு லத்தீனில் ஜன்னல் தெரியும், தலைக்கு வகிடு எடுக்கத் தெரியாது. ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று தெரியாது. காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவது என்று தெரியாது, ஏனென்றால் இதுவரை எழுப்பியது அவளைத்தான். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல எனக்கு வராது. ஊருக்குள் நான் கிண்டல்காரன். கிண்டல்காரன் பயந்தால் அதையும் கிண்டல் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதனால் பயம் வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை எழுதி ஒட்டினேன். மொத்தம் நாற்பத்து மூன்று ஆயிற்று.

நாற்பத்து மூன்றாவது வார்த்தை சிங்கல்டஸ். மருத்துவத்தில் விக்கலுக்குப் பெயர். லத்தீனில் அதற்குத் தேம்பல் என்றும் பொருள், அழுகையில் மூச்சு வெட்டி வெட்டி வருவது. இதைப் படித்ததும் புத்தகத்தை மூடினேன். நாமும் விக்கி விக்கி அழுதாள் என்றுதானே சொல்கிறோம்? அதோடு விக்கல் எடுத்தால் யாரோ நினைக்கிறார்கள் என்று வேறு சொல்கிறோம். லத்தீன்காரர்களுக்கு அந்தக் கடைசி விஷயம் தெரிந்திருக்குமா என்று புத்தகத்தில் தேடினேன். இல்லை. அந்தத் தாளை மட்டும் சமையலறையில் ஒட்டாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

நவம்பரில் நாள் குறித்துச் சொன்னார்கள். பிற்பகல் மூன்றரைக்குப் போன் வரும். கடலூரில் எங்கள் வீட்டு லேண்ட்லைன் மழையில் நனைந்து பத்து நாளாகச் செத்துக் கிடந்தது. செல்போனில் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். அதனால் மச்சான் வீட்டு எண்ணைக் கொடுத்தோம். சிதம்பரம் தெற்கு வீதியில் முன்பக்கம் அவருடைய ஜெராக்ஸ் கடை, பின்பக்கம் வீடு. ஒரே லைன், இரண்டு ரிசீவர். கடையில் எடுத்தால் வீட்டில் பேசுவது கேட்கும். இந்த விவரத்தை இங்கே நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அன்று நானும் அதைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

காலையில் கிளம்பும்போது காலண்டரில் என் ராசிக்கு 'அமைதி' என்று போட்டிருந்தது. நல்ல பலன் என்று நினைத்தேன். கட்டளை என்று எடுத்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றே காலுக்கு அவள் உள்ளறையில் போன் முன்னால் உட்கார்ந்தாள். நாற்பத்து இரண்டு தாளையும் ரப்பர் பேண்ட் போட்டு நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னைக் கடைக்குப் போய் உட்காரச் சொன்னாள்.

"நீங்க பக்கத்துல இருந்தா எனக்குச் சிரிப்பு வரும் மாமா. இல்லன்னா அழுகை வரும். ரெண்டும் வேணாம்."

போன் அடித்தது. அவள் எடுத்தாள். நான் பத்து வரைக்கும் எண்ணிவிட்டுக் கடை ரிசீவரைத் தூக்கினேன். மச்சான் ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு, "வைங்க மச்சான், வைங்க" என்று சைகை காட்டினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

ஓர் அம்மாவின் குரல். எட்டு மாதம் ஆங்கிலத்தின் ஆணிவேர் வரைக்கும் தோண்டியவனுக்கு அந்த அம்மா பேசியதில் ஒன்றுகூடப் புரியவில்லை. தகரக் கொட்டகையில் மழை பெய்வது போல இருந்தது. என் மனைவிக்குப் புரிந்தது. புரியாத இடத்தில் 'மெதுவாகச் சொல்லுங்கள் மேடம்' என்றாள். நான் ஒட்டிய தாள்களில் அந்த வாக்கியம் இல்லை. டூட்டி மாறும்போது அடுத்த நர்ஸிடம் நோயாளிகளை எப்படி ஒப்படைப்பாய் என்று கேட்டார்கள் போலிருக்கிறது. தினமும் பதினோரு வருடமாகச் செய்ததை, பெட் பெட்டாக, ஊசி, காய்ச்சல், சிறுநீர் அளவு என்று ஒழுங்காகச் சொன்னாள். குட்டிக் குட்டி வார்த்தைகள். எங்கள் லோடுமேன்கள் காலால் உருட்டுவார்களே, அந்த மாதிரி.

பிறகு அந்த அம்மா நீளமாக ஒன்று கேட்டார். அதில் எனக்கு ஒரே ஒரு சொல் பிடிபட்டது. ஹிக்கப். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு விக்கல் நிற்கவே இல்லையென்றால் என்ன செய்வாய் என்பது கேள்வி என்று பிற்பாடு தெரிந்தது.

அவள் பதில் சொல்லவில்லை. ஒரு விநாடி. இரண்டு. மூன்று. இன்று நினைத்தால் அவள் யோசித்துக்கொண்டிருந்தாள் என்று தெரிகிறது. அன்று எனக்கு எல்லாம் முடிந்துபோனதாகத் தோன்றியது. நாற்பத்து மூன்றில் ஒன்று, ஒரே ஒன்று, கடைசியில் வேலைக்கு ஆகப்போகிறது, அதுவும் அவளிடம் கொடுக்காமல் என் சட்டைப்பையில் இருக்கிறது. பொத்தியிருந்த கையை எடுத்தேன். அயர்லாந்து வரைக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"சிங்கல்டஸ்."

லைனில் மழை நின்றது. யாரோ லைனில் இருக்கிறார்களா என்று அந்த அம்மா கேட்டார். அது மட்டும் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அவ்வளவு தெளிவான ஆங்கிலத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. மச்சான் தலையில் கைவைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

என் மனைவியின் குரல் நடுங்கவில்லை. ஆங்கிலத்தில்தான் சொன்னாள், சின்னச் சின்ன வாக்கியமாக.

"என் கணவர், மேடம். அவருக்கு அந்த வார்த்தை தெரியும். அந்த நோயாளியை எனக்குத் தெரியும்."

அப்புறம் அவள் தொடர்ந்தாள். நான் ரிசீவரை வைக்கவும் இல்லை, மூச்சுவிடவும் இல்லை. அண்ணாகிராமம் பக்கத்து முந்திரித்தோப்புக்காரர் ஒருவர் அவள் வார்டில் இருந்தாராம். ஆபரேஷன் முடிந்து இரண்டு நாளாக விக்கல். தையல் வலியில் ஒவ்வொரு விக்கலுக்கும் கட்டிலைப் பிடித்துக்கொள்வாராம். தலைப்பக்கம் உயர்த்தி உட்கார வைத்தேன், வயிறு உப்பியிருந்தது, மூக்கில் போட்ட குழாய் அடைத்திருந்தது, டாக்டரைக் கூப்பிட்டேன், சரிசெய்ததும் குறைந்தது என்று சொன்னாள். குறையும் வரைக்கும் அவர் பயந்துபோய்க் கையை விடவில்லை, அரைமணி நேரம் அங்கேயே நின்றேன், அந்த அரைமணியில் மற்ற பெட்களைப் பார்க்க முடியவில்லை, அது எனக்குச் சரியென்றும் படவில்லை, தப்பென்றும் படவில்லை என்றாள். எனக்கு இது அவ்வளவும் புரிந்தது. அவள் பேசும் ஆங்கிலம் எனக்குப் புரிகிறது என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முடிவு பிறகு வரும் என்று அந்த அம்மா வைத்துவிட்டார்.

அவள் வெளியே வந்தாள். என்னைத் திட்டவில்லை. மச்சான்தான் அவளுக்கும் சேர்த்துப் பேசினார். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே வந்து, இனிமேல் என் கடைக்கு வந்தால் வாயில் ஸ்டேப்ளர் அடித்துத்தான் உட்கார வைப்பேன் என்று வழியனுப்பினார்.

கடலூர் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். ஆலப்பாக்கம் தாண்டியது. செம்மங்குப்பம் நெருங்கியதும் வழக்கம்போல ரசாயன நாற்றத்துக்குப் பயந்து எல்லோரும் ஜன்னலை இறக்கி மூடினார்கள். என் கம்பெனி வாசலைப் பஸ் கடந்தது. அப்போது கேட்டாள், கோபமில்லாமல், டிக்கெட் எடுத்தாச்சா என்று கேட்பது போல.

"மாமா, நான் போவணும்னு சொல்லிக் குடுத்தீங்களா, போவக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தீங்களா?"

ஏதாவது நக்கலாகச் சொல்லித் தப்பிக்க நாக்கு பழக்கத்தில் தயாரானது. அதை அடக்கிக்கொண்டேன். எட்டு மாதத்தில் எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக வலிக்கிறது, பயப்படாதீர்கள் என்ற மூன்றில் ஒன்றையாவது நான் தாளில் எழுதினேனா என்று யோசித்தேன். எனக்குத் தெரியாத வார்த்தைகள் அல்ல அவை. ஜன்னலால் எறிவதற்கு வார்த்தை தேடிக் கண்டுபிடித்தவன், பயப்படாதீர்கள் என்பதை ஏன் விட்டேன்? அதை எனக்கு யாராவது சொல்ல வேண்டியிருந்தது, அதனாலா?

"ரெண்டுக்கும்தான்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். இதற்கு முன்பே தெரியும் என்பது போல. பிறகு, பாப்பாவுக்கு ஜடை பின்னக் கற்றுக்கொள்ளுங்கள், வகிட்டைச் சீப்பு முனையால் எடுத்தால் நேராக வரும் என்று சொன்னாள். பஸ் கடலூருக்குள் நுழையும் வரை என் உள்ளங்கையில் விரலால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டே வந்தாள்.

அடுத்த மூன்று வாரம் நான் அவளுடைய வேலையைக் கெடுத்துவிட்டேன் என்றே நம்பினேன். தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். அதற்குள் ஜடை ஒருமாதிரி பின்னக் கற்றேன். இடதுபக்கம் மட்டும் எப்போதும் ஒரு விரல் மேலே நின்றது.

கடிதம் வந்தது. வேலை கிடைத்திருந்தது. லைனில் கேட்ட குரலைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. இரண்டாயிரத்து ஏழில் போனாள், இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் திரும்பி வந்தாள். அந்த ஐந்து வருடத்தில் நாற்பத்து மூன்று வார்த்தைகளில் ஒன்றையும் அங்கே யாரும் அவளிடம் பேசவில்லை. விக்கல் எடுத்தால் அவர்களும் ஹிக்கப் என்றுதான் சொன்னார்களாம்.